தாவாங்கட்டையில் வைத்த பொட்டு

குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்களான உங்களிடம் வந்து பேசும்படி கேட்டார்கள். மறுத்துவிட்டேன். காவிரிப் பாலத்தில் எந்த நேரம் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று சொல்ல முடியாது. வந்து சேர்ந்தாலும் உங்கள் கூடத்தில் மைக் கரகரக்கும். கடைசி வரிசைக்குக் கேட்காது. கேட்காதவர்கள் போனைப் பார்ப்பார்கள். எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதையும் போனில்தான் படிப்பீர்கள். எழுத்தையாவது பெரிதாக்கிக்கொள்ளுங்கள், கண் கெட்டுவிடும்.

ஒரே ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது நாங்கள் ஜெயித்த கதை. ஓய்வு பெற்றவர்கள் எழுதினால் தோற்ற கதைகளைத்தான் எழுத வேண்டும், படிப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்தான் அடுத்த முறை ஜெயிக்கப் பார்ப்பார்.

எதையும் எண்ணுகிற ஆள் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ராஜகோபுரத்துக்குப் பதின்மூன்று நிலை என்று ஊருக்கே தெரியும். நான் இன்னமும் கழுத்தை நிமிர்த்தி எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன். குழந்தையின் மூச்சையும் அப்படித்தான் எண்ணுவேன், முழு ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது அவசரக்காரர்கள் கண்டுபிடித்த வழி. பச்சைக் குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. விறுவிறுவென்று ஓடும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஓடும். அது நின்ற இடத்தில் உங்கள் அரை நிமிடம் முடிந்தால் கணக்கு பாழ்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு பங்குனி மதியம். புறநோயாளிகள் எல்லாரும் போய்விட்டார்கள். டிபன் பாக்ஸின் மூடி சரியாகப் பொருந்தவில்லையே, பைக்குள் குழம்பு கொட்டியிருக்குமோ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் ஒரு பெண்மணி, கையில் துணி சுற்றிய குழந்தை. அவருக்குப் பக்கத்தில் ஆலைச் சீருடையில் ஒரு இளைஞர். இவர்களுக்கு மூன்றடி பின்னால், வாசலைத் தாண்டலாமா என்று யோசிப்பவள் போல ஒரு சின்னப் பெண்.

குழந்தையை வைத்திருப்பவர் தாய் என்று நினைத்தேன். இல்லை. அவர் இளைஞரின் அக்கா, பெயர் பாக்கியம். இளைஞர் முருகேசன், கைலாசபுரத்து ஆலையில் ஒப்பந்தத்துக்குக் குழாய் பற்றவைப்பவர். பின்னால் நின்றவள்தான் தாய், செல்வி. மணப்பாறைப் பக்கத்துக் கிராமம். பெண் குழந்தைக்கு வயது இரண்டரை மாதம்.

"மூச்சு வாங்குது சார்," என்றார் முருகேசன். "சளின்னு சொல்லி மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வச்சாங்க. மூணு தடவ வச்சாச்சு. கொஞ்ச நேரம் தூங்குறா, மறுபடி பழையபடி ஆயிடுது."

குழந்தையை மேசையில் கிடத்தச் சொல்லிக் கடிகாரத்தைக் கையில் எடுத்தேன். நிமிடத்துக்கு அறுபத்தாறு. அதிகம். எண்ணும்போதே காதில் விழுந்தது எனக்குப் பிடிக்கவில்லை. சளியால் வரும் இழுப்பு மூச்சை வெளியே விடும்போது சத்தம் போடும். இந்தக் குழந்தை உள்ளே இழுக்கும்போது சத்தம் போட்டது, இறுகிய கதவைத் திறக்கிற மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் கழுத்துக் குழி உள்ளே போனது. அது அழுதபோது குரல் கம்மிப்போய் வந்தது. அழுகிறது என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அடைப்பு நெஞ்சுக்குள் இல்லை, தொண்டையில் இருக்கிறது. எதனால் என்பதுதான் கேள்வி. பதில் குழந்தையின் முகத்திலேயே இருந்திருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கீழுதட்டிலிருந்து மோவாய், இரண்டு தாடை ஓரங்கள் வரை காவி பூசிக் கிடந்தது. காய்ந்து வெடித்த செம்மண் பூச்சு.

"அக்கி சார்," என்றார் பாக்கியம். "செவப்பா கெளம்பி இருந்துச்சு. ரெண்டு நாள் அக்கி எழுதியாச்சு. நாளைக்கு மூணாவது எழுத்து. அதுவரைக்கும் தண்ணி படக்கூடாது."

உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன்: தோலில் சிவந்து கொப்புளம் கண்டால், மண்பாண்டம் செய்கிறவரிடம் அழைத்துப்போய்க் காவியைக் குழைத்து இறகால் எழுதிவிடச் சொல்வார்கள். எரிச்சல் தணியும் என்று நம்பிக்கை. அதைக் கேலி செய்யாதீர்கள். கேலி செய்த டாக்டரிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

"அம்மா, அந்தக் காவிக்குக் கீழே என்ன இருக்குன்னு நான் பார்த்தாகணும்," என்றேன்.

"நாளைக்குப் பாருங்க சார். எழுத்து முடியாம அழிச்சா சாமி குத்தமாயிடும்."

நாளை வரை இந்தக் குழந்தை தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. அதை அப்படியே உரக்கச் சொன்னால் பாக்கியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகும். அதிகாரமாகப் பேசலாமா, கெஞ்சலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத செல்வி முன்னால் வந்தாள். மேசை மேலிருந்த பஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்தாள்.

"ஏய், என்னடி பண்ற?" என்றார் பாக்கியம்.

"என் புள்ள அண்ணி. குத்தம் வந்தா எனக்கு வரட்டும். ஏற்கெனவே எல்லாக் குத்தமும் எம்மேலதானே."

அவள் மெதுவாகத் துடைத்தாள். பஞ்சு செம்மண் நிறமானது. அடியிலிருந்து இன்னொரு சிவப்பு வந்தது, துடைத்தாலும் போகாத சிவப்பு. கீழுதட்டில் தொடங்கி, மோவாயில் இறங்கி, இரண்டு தாடை ஓரமும் ஏறி, கொஞ்சம் மேடாக, பழுத்த பழத்தின் தோல் போல. கொப்புளம் எதுவும் இல்லை. அது அக்கி இல்லை.

"தாடி வளர்ற இடம் மாதிரி இருக்கு பாருங்க," என்றேன் முருகேசனிடம்.

"பொட்டப் புள்ளைக்குத் தாடியா? நல்லா இருக்கு சார் உங்க பேச்சு," என்றார் பாக்கியம்.

அவர் சொன்னது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் துறையில் அந்த இடத்துக்கு நிஜமாகவே தாடிப் பகுதி என்று பெயர். அங்கே இரத்தக் குழாய்க் கட்டி இப்படிப் பரவியிருந்தால், குரல்வளைக்குள்ளும் ஒன்று இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். வெளியே தெரிவது யாரையும் கொல்லாது. உள்ளே இருப்பது மூச்சுக் குழாயை அடைக்கும்.

தொண்டை மருத்துவரைக் கூப்பிட்டேன். அவர் என்னோடு படித்தவர். கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். நான் எண்ணுவதை அன்றிலிருந்து இன்றுவரை கிண்டல் செய்கிறவர். தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"குரல் நாணுக்குக் கீழே செவப்பா வீங்கியிருக்குய்யா. பாதிக்கு மேல அடைச்சிருக்கு. கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ணிடறேன். அப்புறம் நிதானமா யோசிக்கலாம்."

"துளை போட்டா அது எத்தன மாசம் இருக்கும்?"

"கட்டி சுருங்குற வரைக்கும். ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

மணப்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்தில், கழுத்தில் குழாயோடு, கைக்குழந்தை. அந்தக் குழாயில் சளி அடைத்தால் எடுத்துவிட யார் இருப்பார்கள்? துளை தவறு என்று நான் சொல்லவில்லை. அது கடைசிக் கதவு. அதற்கு முன்னால் இன்னொரு கதவு திறக்குமா என்று பார்க்க வேண்டும். அந்தக் கதவு ஒரு பழைய இதய மருந்து. துடிப்பைக் குறைக்கக் கொடுப்பது. இந்தக் கட்டிகளையும் அது சுருக்குகிறது என்று அப்போது நமக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எல்லாக் குழாய் முடிச்சுகளையும் அது சுருக்காது. எந்த வகைச் செல்களால் ஆனது என்பதைப் பொறுத்தது அது.

இதை நீங்கள் மேலோட்டமாகப் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு வந்திருப்பீர்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரத்தக் குழாயின் உட்சுவரில், ஓடு பதித்த மாதிரி ஓர் அடுக்குச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களாக மாறுவதற்கு முன்னால் இருக்கிற இளம் செல்களை முன்னோடிச் செல்கள் என்போம். புதிய குழாய் போடும் திறன் இவற்றிடம் இருக்கிறது. சில குழந்தைகளில் ஒரு கூட்டம் வேலையை நிறுத்தாமல், ஓரிடத்தில் உட்கார்ந்து தேவையில்லாத குழாய்களைப் போட்டுத் தள்ளுகிறது. அதுதான் பச்சைக் குழந்தையின் இரத்தக் குழாய்க் கட்டி. இந்தச் செல்கள் நஞ்சுக்கொடியிலிருந்து வந்து தங்கியவை என்று சிலர் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்குள்ள குழாய்களின் அடையாளம் இவற்றிலும் இருக்கிறது. குழந்தையின் உடம்பிலேயே இருந்தவை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நமக்கு மேசையருகே வேண்டியது வேறு. முன்னோடிச் செல்கள் கட்டிய கட்டி பெரும்பாலும் பிறந்தபின் முளைத்து, சில மாதம் வேகமாக வளர்ந்து, பிறகு ஓய்ந்து கொழுப்பாக மாறும். அது மருந்துக்குக் கேட்கும். முதிர்ந்த செல்களோடு பிறவியிலேயே கோணலாக அமைந்த குழாய் முடிச்சு அப்படி ஓயாது. இந்த மருந்துக்கும் கேட்காது.

ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் வெட்டினால் இரத்தம் நேராக மூச்சுக் குழாய்க்குள் போகும். ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. பிறந்த அன்று அந்தச் சிவப்பு இருந்ததா?

கேட்டேன். பாக்கியம் உடனே சொன்னார்: "பொறந்தப்பவே இருந்துச்சு சார். கிரகணத்தன்னிக்கு இவ வெளிய வந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டு நின்னா. சொன்னா கேட்டாளா? அது புள்ள மூஞ்சியில வந்து நிக்குது."

செல்வி தரையைப் பார்த்தாள். அந்த வீட்டில் இந்தக் கதை பல முறை சொல்லப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தது.

"அப்படியா செல்வி?" என்றேன்.

"எனக்குத் தெரியல சார்," என்றாள் அவள். இரண்டரை மாதமாக அதையே கேட்டுக் கேட்டு, அவளே அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

தொண்டை மருத்துவர் கையைக் கழுவப் போய்விட்டார். பிறந்தபோதே இருந்தது என்றால் அவர் செய்யப்போவதுதான் சரி. ஆனால் பாக்கியத்தின் பதில் எனக்கு உறுத்தியது. அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாரா, ஏற்கெனவே எழுதிவிட்ட தீர்ப்பைப் படிக்கிறாரா? சண்டை போட்டால் தெரியாது. வேறு பக்கமாகக் கேட்க வேண்டும். குழந்தையின் நெற்றியில் மைப்பொட்டு இருந்தது. கன்னத்தில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று. நான்தான் எண்ணுகிறவன் ஆயிற்றே.

"பாப்பாவுக்கு முதன்முதல்ல திருஷ்டிப் பொட்டு வச்சது யாரும்மா?"

"நான்தான். அத்தைதானே வைக்கணும்? ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கே வச்சேன்." அவர் முகம் மலர்ந்தது.

"எங்க வச்சீங்க?"

"தாவாங்கட்டையில. நல்லா பெருசா, வட்டமா."

"ஏன் அங்க? கன்னத்துல வைக்கலாமே?"

"அந்த எடந்தான் சார் அப்படியே வெண்ண மாதிரி இருந்துச்சு. பாக்கறவங்க கண்ணு எல்லாம் அங்கதான் போகும். அதனால..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

நாங்கள் எல்லாரும் குழந்தையின் மோவாயைப் பார்த்தோம். சிவப்பு அங்கேதான் அடர்த்தியாக இருந்தது.

"அப்போ செவப்பு இல்ல," என்றேன்.

"இல்ல," என்றார் பாக்கியம். குரல் தாழ்ந்திருந்தது. "ரெண்டு வாரம் கழிச்சுத்தான் கொசுக்கடி மாதிரி தெரிஞ்சுது. பொட்டு மை ஒத்துக்கலையோன்னுகூட நெனச்சேன்." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "வெங்காயம் இல்லபோல இருக்கு."

"வெங்காயமும் இல்ல, மையும் இல்ல. யார் செஞ்ச தப்பும் இல்ல."

செல்வி அழத் தொடங்கினாள். அவளைத் தேற்ற எனக்கு நேரமில்லை. தொண்டை மருத்துவரைத் தேடி ஓடினேன். அந்த வயதில் ஓடக்கூடாது, வழுக்கும் தரை வேறு. ஓடினேன்.

"பிறந்தப்போ இல்ல. அப்புறம் முளைச்சு வளந்திருக்கு. மருந்து கேட்கும்," என்றேன்.

"கேட்கலேன்னா?"

"நீ கத்தியோட பக்கத்துல நில்லு."

"ராத்திரி அந்தப் புள்ளைக்கு முழுசா அடைச்சா யார் பதில் சொல்றது? உன் கடிகாரமா?"

"அதனாலதான் பக்கத்துல நில்லுன்னு சொல்றேன்."

அவர் என்னை முறைத்தார். "காலைல வரைக்கும். இடையில எண்ணிக்கை ஏறுச்சுன்னா உன்னைக் கேட்கமாட்டேன்."

"ஏறுச்சுன்னா நானே கூப்பிடறேன்."

முருகேசனின் சம்மதம் வேண்டியிருந்தது. "வெட்டி எடுத்துடுங்களேன் சார், ஒரேயடியா," என்றார் அவர். செல்களைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? தேவையில்லாத இடத்தில் லைன் போட்டுக்கொண்டே இருக்கிற ஒரு கூட்டம் என்றேன். இப்போது அந்த லைன் முழுக்க இரத்தம் ஓடுகிறது என்றேன்.

அவர் உடனே கையைத் தூக்கினார். "பிரஷர் இருக்குற லைன்ல கட்டர் வைக்க மாட்டோம் சார். முதல்ல வால்வ மூடணும். மருந்து வால்வ மூடுமா?"

"முதல்ல குழாயைச் சுருக்கும். அப்புறம் வேலைக்காரங்களையும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தும். எப்படின்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

"தெரியாததத் தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க. குடுங்க சார்," என்று கையெழுத்துப் போட்டார்.

இதயத்தைச் சோதித்தோம், கோளாறு இல்லை. வீக்கம் வடிய ஊசியும் போட்டோம். அந்த இதய மருந்தில் ஓர் ஆபத்து உண்டு: வெறும் வயிற்றில் கொடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். இந்தக் குழந்தையோ மூச்சு வாங்குவதால் மார்பில் குடிக்க முடியாமல் தவித்தது. செல்வி பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, பாக்கியம் பாலாடைச் சங்கால் துளித்துளியாகப் புகட்டினார். அதில் அவருக்கு இருந்த பொறுமை எங்கள் வார்டில் யாருக்கும் இல்லை. பால் இறங்கியது, பிறகு மருந்து இறங்கியது.

மாலை ஆறு மணிக்கு எண்ணினேன். எழுபத்திரண்டு.

தொண்டை மருத்துவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "போதும்யா. எடுத்துட்டு வரச் சொல்றேன்," என்று எழுந்தார். நர்ஸ் கத்தி, குழாய் இருந்த கட்டைப் பிரிக்கத் தயாரானார். ஏறினால் கூப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். எண் ஏறியிருக்கிறது. அவர் சொல்வது நியாயம்.

நீங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எண் ஏறினால் முதலில் குழந்தையைப் பாருங்கள். பார்த்தேன். கழுத்துக் குழி மதியம் இருந்த அளவுக்கு உள்ளே போகவில்லை. உதடு வெளுக்கவில்லை. கையைப் பிசைந்து, வாயைத் திருப்பித் திருப்பி எதையோ தேடிக்கொண்டு, முகம் சிவக்க அழுதது. மதியம் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த குழந்தை இது.

"இது பசி," என்றேன். "அழற புள்ளையோட மூச்சை எண்ணினது கணக்கே இல்ல. பால் கொடுத்துத் தூங்க வச்சு ஒரு தடவை எண்ணிடறேன். அப்பவும் ஏறியிருந்தா நானே பிடிச்சுக்கறேன், நீ போடு."

அவர் உட்காரவில்லை. கையுறையோடு கால்மாட்டில் நின்றார். பாக்கியம் பாலாடையை எடுத்தார். "குடி தங்கம், குடி. டாக்டர் மாமா கையில கத்தி வச்சிருக்காரு, சீக்கிரம் குடி." தொண்டை மருத்துவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குழந்தை குடித்தது. கண் சொருகித் தூங்கியது. நான் கடிகாரத்தை எடுத்தேன். அந்த வார்டில் அப்போது பன்னிரண்டு கட்டில்கள்; பன்னிரண்டிலும் தாய்மார்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். முழு நிமிடம் எண்ணினேன்.

ஐம்பத்தெட்டு.

தொண்டை மருத்துவர் என் கையிலிருந்து கடிகாரத்தைப் பிடுங்கி, அவரும் எண்ணினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முழு நிமிடம் எண்ணுவதைப் பார்த்தேன். அவருக்கு ஐம்பத்தேழு வந்தது. "உன் கணக்கு தப்பு," என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார்.

மறுநாள் காலை ஐம்பதுக்குக் கீழே வந்தது. சத்தம் அழும்போது மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் குழந்தை தாயின் மார்பில் நேராகவே குடித்தது. அந்த வாரக் கடைசியில் மோவாயின் சிவப்பு, நடுவில் லேசாகச் சாம்பல் பூத்தது. முன்னோடிச் செல்கள் வேலையைக் குறைக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு வெளியே தெரிகிற அடையாளம் அது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். உங்களுக்கும் ஒருநாள் வரும், அப்போது சிரிக்கமாட்டீர்கள்.

ஊருக்குப் போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன்: பால் குடிக்காமல் மருந்து கூடாது, வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். செல்வி மறப்பாளோ என்று கவலைப்பட்டேன். கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும் எனக்குப் போன் வந்தது. "சார், பாக்கியம் பேசறேன். பால் குடிச்சாச்சு, ஏப்பம் விட்டாச்சு. குடுக்கட்டுமா?" நான் கொடுங்கள் என்று சொன்னால்தான் அந்த அம்மாள் மூடியைத் திறப்பார். இரண்டாவது மாதத்தில் அந்தப் போனைச் செல்வி வாங்கிக்கொண்டாள். "அண்ணி, போனைக் குடுங்க. நான் பேசறேன்," என்று பின்னால் அவள் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கெஞ்சுகிற குரல் இல்லை அது.

இந்த ஒரு குழந்தையை வைத்து உங்களுக்கு விதிகள் எழுதித்தர நான் விரும்பவில்லை. அடுத்த குழந்தைக்கு மருந்து கேட்காமல் போகலாம். அப்போது துளை போடச் சொல்கிறவர் சரி, காத்திருக்கச் சொல்கிற நான் தவறு. செல்லைப் படியுங்கள், நன்றாகப் படியுங்கள். அது எப்படிப் பிறக்கிறது, எப்போது ஓய்கிறது என்று தெரிந்திருந்ததால்தான் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் பதில் வீட்டு மனிதர்களிடம் இருக்கிறது. நேராகக் கேட்டால் அவர்கள் நம்புவதைச் சொல்வார்கள். செய்ததைக் கேளுங்கள், பார்த்தது தானாக வெளியே வரும்.

குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, மருந்தையெல்லாம் நிறுத்திப் பல மாதம் கழித்து, உள்ளே கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வரச் சொன்னோம். மோவாயில் தோல் கொஞ்சம் தளர்ந்து மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். தொண்டை மருத்துவர் குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம், எந்தப் பக்கமும் இடிக்காமல், கீழே இருட்டு வரை திறந்து கிடந்தது.

அவர் குழாயை வெளியே எடுத்ததும் அந்தக் குட்டிப் பெண் அவர் விரலைக் கடித்தாள். பிறகு வாயைத் திறந்து கத்தினாள். வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் போகிற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார் என்று முருகேசன் பிறகு சொன்னார். செல்வி பதறி, "ஸ்ஸ், ஆஸ்பத்திரி, கத்தக்கூடாது," என்று அவள் வாயைப் பொத்தப் போனாள்.

"விடும்மா," என்றார் தொண்டை மருத்துவர், கடிபட்ட விரலை உதறிக்கொண்டே. "கத்தட்டும். நல்லா கத்தட்டும்."

அவள் கத்தினாள். அந்தக் குரலில் ஒரு கம்மலும் இல்லை.